அம்மா ஆகாயத்தில் இருக்கிறாள்

அத்தியாயம் 19

முனிரத்தினம் பஞ்சாங்கம் பார்க்காமல் பல்கூடத் தேய்க்க மாட்டார் என்று செம்பாக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகை. பல் தேய்த்துவிட்டுத்தான் பார்ப்பார்.

அந்தப் பஞ்சாங்கம்தான் அவர் மனைவி புஷ்பலதாவின் டொரண்டோ பயணத்தைத் தள்ளிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்த டிக்கெட். ஞாயிறு மேற்கே சூலம், கனடா மேற்கே இருக்கிறது, எனவே கிளம்பக் கூடாது என்றார். திங்கள் அஷ்டமி. செவ்வாய் நவமி. ஆக, புதன்.

"பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம் கெடக்கு. மூணு நாள்ல என்ன முழுகிப் போகுது?" என்று கேட்டார். புஷ்பலதாவும் முப்பது வருஷப் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில் முழுகியது.

போனில் அனுப்பிரியாவின் முகம் வந்தது. வீங்கியிருந்தது. பின்னால் வெள்ளைச் சுவர், ஏதோ கருவியின் பச்சை எண்கள். அங்கே இன்னும் ஞாயிறு இரவு.

"அம்மா, அட்மிட் பண்ணிட்டாங்கம்மா. பிரஷர் இறங்கவே மாட்டேங்குது. குழந்தைய முன்னாடியே எடுத்துடணுமாம். செவ்வாய் மத்தியானம் வரைக்கும்தான் தள்ள முடியும்னு சொல்றாங்க."

"மாப்பிள்ளைக்குச் சொல்லிட்டியா?"

"வினோத் நடுக்கடல்ல இருக்காரும்மா. கப்பல் கரைக்கு வரவே அடுத்த வாரம் ஆகும்." அனு மூச்சை இழுத்துப் பிடித்தாள். "நீ எப்ப வருவேன்னு சொல்லு. நீ வராம நான் தியேட்டருக்குள்ள போக மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன்."

"அப்படியெல்லாம் பேசாதடி."

"போன தடவை தனியாத்தான்மா உள்ள போனேன். வெறுங்கையோட வெளிய வந்தேன். இந்தத் தடவை என்னால முடியாது."

புஷ்பலதாவின் பின்னால் தோசைக்கல் புகைந்தது. யாரும் அணைக்கவில்லை.

மகன் சக்திவேல், காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி லேபில் வேலை பார்ப்பவன், அன்றைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்தான்.

"சென்னைலேர்ந்து டொரண்டோ நேர்கோட்டுல பதிமூணாயிரத்து சொச்சம் கிலோமீட்டர்மா. ஆனா நேரா போற பிளேன் கெடையாது. வளைகுடாவுல எறங்கி வேற பிளேன் மாறணும். காத்துக்கிட்டிருக்கற நேரத்தையும் சேர்த்தா இருபத்திரண்டு மணி நேரம். இன்னிக்கு சாயந்தரம் ஆறே முக்கால் பிளேனைப் பிடிச்சா, அவங்க ஊர் செவ்வாய்க்கிழமை காலைல எறங்கிடலாம். இதை விட்டா நாளைக்கு சாயந்தரம்தான். அப்புறம் போயி..."



"இன்னிக்கு அஷ்டமி" என்றார் முனிரத்தினம். பழக்க தோஷத்தில் வந்த வார்த்தை. சொன்ன பிறகு தானே தலையைக் குனிந்துகொண்டார்.

சக்திவேல் போனை அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டினான். உலக உருண்டையில் ஒரு மெல்லிய கோடு.

"மேற்கே சூலம்னு நிறுத்தினீங்களே, இந்தக் கோடு எந்தப் பக்கம் போகுது பாருங்கப்பா. இதுதான் சென்னைக்கும் டொரண்டோவுக்கும் குறுக்கு வழி."

கோடு சென்னையிலிருந்து நேராக மேலே ஏறியது. இமயமலையைத் தாண்டி, ரஷ்யாவைத் தாண்டி, வட துருவத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது.

"வடக்கே" என்றார் அவர்.

"நீங்க மாத்தி வெச்ச புதன்கிழமைக்குச் சூலம் எந்தப் பக்கம்பா?"

முனிரத்தினம் பஞ்சாங்கத்தைத் தேடவில்லை. அவருக்கே தெரியும். புதனும் செவ்வாயும் வடக்கே சூலம்.

மேற்குத் தாம்பரத்தில் டிராவல்ஸ் நடத்தும் வேதாசலம் அந்தக் குடும்பத்துக்குப் பழக்கம். பத்தே நிமிஷத்தில் சாயந்தர விமானத்தில் இருந்த ஒரே ஒரு இடத்தைப் புஷ்பலதா பேரில் எடுத்துக் கொடுத்துவிட்டார். பெட்டி ஏற்கெனவே கட்டி முடித்தாயிற்று. அதைத் தூக்கிக் காரில் போட்டான் சக்திவேல்.

"பாஸ்போர்ட்டை எடுத்துக்கம்மா, கிளம்பலாம்."

புஷ்பலதாவும் முனிரத்தினமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாஸ்போர்ட் வீட்டில் இல்லை.

புதன்கிழமையிலும் ஒரு குறை இருந்தது. அன்று புஷ்பலதாவுக்குச் சந்திராஷ்டமம். அதற்குப் பரிகாரமாக முனிரத்தினம் பரஸ்தானம் வைத்தார். அதாவது, நல்ல ஓரையில் பயணச் சாமான் ஒன்றை முன்கூட்டியே போகிற திசையில் உள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. சனிக்கிழமையே மேற்கே முடிச்சூரில் இருக்கும் தன் சித்தப்பா பிள்ளை சத்தியநாதன் வீட்டில் அவளுடைய கைப்பையை வைத்துவிட்டு வந்தார். பை கனமில்லாமல் இருக்கிறதே, பயணத்துக்குரிய பொருளாக ஏதாவது இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டையும் அதற்குள் போட்டது அவரேதான்.

"அதனால என்ன, முடிச்சூர் இதோ இருக்கு" என்றார். குரலில் தெம்பில்லை.

முடிச்சூரில் கதவைத் திறந்த சத்தியநாதனின் மனைவி ஜெயஸ்ரீ வாயெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"பையா? அதை அவர் மலைக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரே அண்ணா!"

"எந்த மலைக்கு?"

"போளூர்ப் பக்கம், வருஷா வருஷம் போவாரே, அந்த மலைக்குத்தான். விடிகாலைலயே கிளம்பிட்டாரு. பரஸ்தானப் பை சும்மா பீரோவுல கெடக்கறதுக்கு, சாமி காலடியில வெச்சு எடுத்துட்டு வந்தா அண்ணிக்கு நல்லதுன்னு அவருக்காத் தோணிச்சு. புதன்கிழமைதானே வேணும்?" அதற்குள் எதிரே நின்ற மூன்று முகங்களையும் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது. "ஏன் அண்ணி? என்னாச்சு?"

சத்தியநாதனின் போனுக்குப் போட்டார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டார்கள். அதே பெண் அதே இனிமையோடு அதையே சொன்னாள். மலை ஏறிவிட்டால் டவர் கிடைக்காது, இறங்கச் சாயந்தரம் ஆகிவிடும் என்றாள் ஜெயஸ்ரீ. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"நான் போய் ஏறிப் பிடிச்சு வாங்கிட்டு வரேன்" என்று முனிரத்தினம் காருக்கு ஓடினார். அறுபத்திரண்டு வயது, மூட்டு வலி, மாடிப்படிக்கே கைப்பிடி தேடுகிற ஆள்.

"நீங்க மலை ஏறி எறங்கறதுக்குள்ள பிளேன் கனடாவுல எறங்கியிருக்கும்பா" என்றான் சக்திவேல். கோபம் இல்லை அவன் குரலில். அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

புஷ்பலதா அழவில்லை. அழுதால் நேரம் போகும் என்று மட்டும் தெரிந்தது. இந்த மனிதரை இத்தனை வருஷம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத தன் நாக்கின் மீதுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏறியிருந்தால் இன்று சாயந்தரத்துக்குள் அந்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள். பிள்ளையின் நெற்றியில் கை வைத்திருப்பாள்.

அந்த ஆத்திரத்துக்கு நடுவில்தான் அவளுக்கு அந்த இன்னொரு பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது.

போன வருஷம், முதல் குழந்தை தங்காமல் போவதற்கு முன், வினோத்குமார் இரண்டு அம்மாக்களுக்கும் சேர்த்தே விசா வாங்கியிருந்தான். தன் மாமியாருக்கு ஒன்று. தன்னைப் பெற்ற பூவம்மாளுக்கு ஒன்று.

"சக்தி, வண்டிய எடு. கோவளம் போ."

"அவங்க வீட்டுக்கா?" என்றார் முனிரத்தினம்.

வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். கோவளத்து மீன்காரி மகனை அனு கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான்கு வருஷமாக முனிரத்தினம் அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பிரசவத்துக்குப் பூவம்மாளும் வரட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டபோது, 'மீன் கூடை போற எடத்துக்கு என் வீட்டம்மா வர மாட்டா' என்று பதில் சொல்லி அனுப்பியவர்.

"ஆமாங்க. அவங்க வீட்டுக்குத்தான். உங்களுக்கு வர இஷ்டமில்லைன்னா இங்கயே நின்னுக்குங்க" என்றாள் புஷ்பலதா.

அவர் நிற்கவில்லை. பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பூவம்மாளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வியாபார நேரத்தில் அதை வீட்டிலேயே போட்டுவிட்டு வருகிறவள். வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் தாண்டி, அவர்கள் கோவளம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே பூவம்மாள் சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். காரிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"எம்புள்ளைக்கு இன்னா ஆச்சு?"

"மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல சம்பந்தி. அனுவுக்குத்தான்..." புஷ்பலதா மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னாள். பஞ்சாங்கம், பை, மலை, இருபத்திரண்டு மணி நேரம். எதையும் மறைக்கவில்லை.

பூவம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்துத் துடைத்துக் கை சிவந்துவிட்டது.

"நீ போவ வேண்டிய எடத்துக்கு நான் போவலாமா? பிரசவம்னா ஆத்தா வூட்டு பாத்தியதை. அதுவும் இல்லாம அந்தப் பொண்ணுக்கு என்னைக் கண்டாலே ஆவாது. போன வாட்டி அந்த மாரி ஆனப்போ, நான் கூட இருந்திருந்தா இப்படி வுட்டிருப்பேனான்னு போன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டேன். வயித்தெரிச்சல்ல கேட்டதுதான். என்னமோ அதும் மேல பழி போட்டுட்டேன்னு எடுத்துகிச்சு. அன்னையிலேர்ந்து பேசறதே இல்ல. நான் போய் நின்னா பிரஷர் இன்னும்தான் ஏறும்."

"யாருமே போகலைன்னா?"



அப்போதுதான் முனிரத்தினம் முன்னால் வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் வெள்ளை வேட்டியோடு குனிந்து, ஐஸும் மீனுமாக இருந்த அலுமினிய அன்னக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தண்ணீர் வேட்டியெல்லாம் ஒழுகியது.

"இதை எங்கம்மா கொண்டாந்து வைக்கணும்? வீடு எந்தப் பக்கம்?" என்றார்.

பூவம்மாள் அவரையும் கூடையையும் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கடைக்காரியிடம், "அடியே, இதெல்லாம் பாத்துக்கோ. நான் எம்மருமவளைப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பாஸ்போர்ட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சக்திவேல் வேதாசலத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான்.

"தம்பி, வேற சீட் இல்ல. இருந்த ஒண்ணும் உங்கம்மா பேர்ல இருக்கு. டிக்கெட்ல பேர் மாத்த முடியாது. அதை விட்டுட்டு மறுபடி இந்தம்மா பேர்ல பிடிக்கணும். நடுவுல எவனாவது கொத்திக்கிட்டா ரெண்டு பேருக்குமே கெடையாது. யோசிச்சுச் சொல்லுங்க."

எல்லோரும் புஷ்பலதாவைப் பார்த்தார்கள்.

விட்டுவிடு என்று சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை போதும். ஆனால் டொரண்டோ விமானத்தின் ஒரு இருக்கையில்தான் மூன்று மாதமாக அவள் மனசு உட்கார்ந்திருந்தது. ஜன்னல் ஓரமா என்றுகூடக் கேட்டு வைத்திருந்தாள். பேரப்பிள்ளையை முதலில் வாங்கப்போகும் கை தன்னுடையது என்று ஆசைப்பட்டிருந்தாள்.

"விட்டுடுங்க சார்" என்றாள்.

வேதாசலம் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சாமியையோ கூப்பிட்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"கெடைச்சிடுச்சு" என்றார் வேதாசலம். "நேரா ஏர்போர்ட் போங்க. அந்தம்மாவுக்கு வீல்சேர் சொல்லிட்டேன், பிளேன் மாறுற எடத்துல அவங்களே கூட்டிப் போயிடுவாங்க."

"நல்லா நடக்கறவளை வண்டியில உக்கார வெச்சுத் தள்ளுவாங்களா? இன்னா பேஜாராப் போச்சு!" என்றாள் பூவம்மாள். அந்த நாளில் யாருக்காவது சிரிப்பு வந்தது என்றால் அந்த ஒரு நிமிஷம்தான்.

துரைப்பாக்கத்தில் ரேடியல் ரோட்டுக்குத் திரும்பும்போது அனு கூப்பிட்டாள். புஷ்பலதா போனைத் தன் முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூவம்மாள் தானாகவே ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள்.

"கிளம்பிட்டியாம்மா?" அனுவின் குரல் தேய்ந்திருந்தது.

"கிளம்பிட்டேன்டி. ஏர்போர்ட்டுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன்."

அதுவரை அது பொய் இல்லை.

"இருபத்திரண்டு மணி நேரமாமே? பாத்தேன். இரும்மா, நர்ஸ் வராங்க... இப்பத்தான் மறுபடி பிரஷர் எடுத்தாங்க, ஏறித்தான் இருக்கு. நான் பயப்படறதுனால ஏறுதாம். நீ பிளேன் ஏறிட்டேன்னு ஒரு மெசேஜ் போடு. போட்டவுடனே கையெழுத்துப் போட்டுடறேன். நீதானேம்மா வர? நிஜமாத்தானே?"

சொல்லியிருக்கலாம். அம்மாவால் வர முடியவில்லை, அத்தை வருகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். புஷ்பலதா வாயைக்கூடத் திறந்தாள். மகளின் பின்னால் அந்தப் பச்சை எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நான்தான்டி வரேன். வேற யாரு வருவா?"

போன் அணைந்தது.

"இது நாயமா?" என்று பூவம்மாள் மெல்லக் கேட்டாள். "நாளைக்கு அது வாசலையே பாத்துகினு கெடக்கும். நான் உள்ள நொழைவேன். அது மூஞ்சி எப்படிப் போவும்னு நெனைச்சியா?"

"நெனைச்சேன் சம்பந்தி. இன்னிக்கு அவ மூச்சு ஒழுங்கா இருக்கணும். நாளைக்கு நீங்க பாத்துக்குவீங்க."

"இன்னா தகிரியம் உனக்கு" என்றாள் பூவம்மாள். ஆனால் புஷ்பலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏர்போர்ட் வரை விடவில்லை.

மீனம்பாக்கத்தில் உள்ளே போகிற வாசல்வரைதான் அவர்களை விட்டார்கள். புஷ்பலதாவின் பெட்டி, புஷ்பலதாவின் ஸ்வெட்டர், புஷ்பலதா கிளறிய லேகியம், எல்லாம் பூவம்மாளோடு போயின. வீல்சேரில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கு இன்னா புடிக்கும்? சொல்லு, சீக்கிரம்."

"கால் பிடிச்சு விட்டா தூங்கிடுவா. சின்னதுலேர்ந்து அப்படித்தான்."

பூவம்மாள் தலையாட்டினாள். வாசல் அவளை உள்ளே வாங்கிக்கொண்டது.

விமானம் கிளம்பும்வரை அவர்கள் கார் நிறுத்துமிடத்திலேயே இருந்தார்கள். உள்ளேயிருந்து பூவம்மாள், சீட்டில் உட்கார்ந்துவிட்டேன், பெல்ட்டு போட்டுகினேன் என்று கூப்பிட்டுச் சொன்ன பிறகு, புஷ்பலதா மகளுக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பினாள். 'ஏறிட்டேன்.'

"போனை ஆஃப் பண்ணிடும்மா" என்றான் சக்திவேல். "பிளேன்ல இருக்கறவங்க போன் வேலை செய்யக் கூடாது. நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் நீயும் ஆகாயத்துலதான் இருக்க."

"சரிப்பா" என்றாள். சொன்னாளே தவிர, பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. அதை அணைத்துவிட்டால் மகள் உயிரோடு இருக்கிறாளா என்பதுகூடத் தெரியாமல் ஒரு இரவையும் ஒரு பகலையும் எப்படிக் கழிப்பது? முந்தானைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள்.

தலைக்கு மேலே ஒரு விமானம் பெரும் இரைச்சலோடு ஏறியது. அதுதானா என்று தெரியவில்லை. மூவருமே அண்ணாந்து பார்த்தார்கள். முனிரத்தினம் கார்களுக்கு நடுவில் நின்று அதைப் பார்த்துக் கும்பிட்டார். அது எந்தத் திசையில் போகிறது என்று அவர் பார்க்கவே இல்லை.

பல்லாவரம் நெரிசலில் கார் நின்றபோது மடியில் போன் அதிர்ந்தது. அனுவிடமிருந்து குரல் பதிவு. கேட்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். காதில் வைத்துக் கேட்டாள்.

"அம்மா, கையெழுத்துப் போட்டுட்டேன். பிரஷர் கொஞ்சம் எறங்கியிருக்குன்னு சொன்னாங்க. நீ எறங்கினப்புறம்தான் இதைக் கேப்பேன்னு தெரியும், ஆனாலும் பேசணும்போல இருந்துச்சு. உன் பிளேன் போன்ல தெரியுதும்மா, குட்டியா. இப்பத்தான் மேல ஏறிச்சு. அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன். பயமே இல்ல."

புஷ்பலதா போனை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. முனிரத்தினம் பதறி, "என்ன லதா, என்ன?" என்றார். பிரஷர் எறங்கிடுச்சாம் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

கார் குரோம்பேட்டையைத் தாண்டவில்லை. இன்னொரு பதிவு வந்தது. சின்னது. இதையும் கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

இந்தத் தடவை அனுவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அம்மா... நான் அனுப்பினதை நீ கேட்டுட்டேன்னு இங்க காட்டுதே. பிளேன் ஆகாயத்துல இருக்கு. நீ எப்படிம்மா கேட்ட?"

பின்னணியில் அந்தக் கருவி வேகவேகமாக அடித்துக்கொள்வது புஷ்பலதாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நீ எங்கம்மா இருக்க?"